வண்ணக் கண்ணாடி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1903-ல் ஒரு வீட்டு வேலை தொடங்கியது. வீட்டுக்காரர் டார்வின் மார்ட்டின், லார்கின் சோப்புக் கம்பெனியின் பெரிய அதிகாரி. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். பணத்துக்குக் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. அந்த வளாகத்தின் ஜன்னல், கதவு, மேல்வெளிச்சத் திறப்பு என்று ஏறத்தாழ 400 வண்ணக் கண்ணாடிப் பலகைகளை ரைட் வரைந்து கொடுத்தார். சிகாகோவின் லிண்டன் கிளாஸ் கம்பெனி செய்து அனுப்பியது. அவற்றில் 'வாழ்க்கை மரம்' என்று இன்று புகழ்பெற்ற ஜன்னலில் மட்டும் 750-க்கு மேற்பட்ட துண்டுகள். அது இன்று அருங்காட்சியகப் பொருள்.

வீட்டுக்காரம்மா இஸபெல்லுக்கோ அந்த வீடு ஒரே இருட்டு. அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. நீண்டு தாழ்ந்த கூரையும் மர வேலைப்பாடும் சூழ்ந்த அறைகளில் அவரால் வசதியாக நடமாட முடியவில்லை. 1926-ல் ஈரி ஏரிக்கரையில் கோடை வீடு கட்டத் தொடங்கியபோது, அதே ரைட்டிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வெளிச்சம். கிரேக்ளிஃப் என்ற அந்த வீட்டில் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஏரி தெரியும். பெரிய பெரிய ஜன்னல்கள். கண்ணாடியில் நிறம் இல்லை.

உலகத்தின் மிகச் சிறந்த கலைஞர் செய்தாலும், அந்த அறையில் யார் உட்காரப்போகிறார், எந்த நேரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் வண்ணக் கண்ணாடி ஒரு தொந்தரவுதான். நம் ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. செல்போனில் ஒரு மயில் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். எந்த மயில் என்பது இரண்டாவது கேள்வி. எந்தத் திசை என்பதுதான் முதல் கேள்வி.

நம் வெயில் வேறு

இந்தக் கலை வளர்ந்தது வெளிச்சத்துக்கு ஏங்குகிற நாடுகளில். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பேராலயத்தில் இருக்கும் தீர்க்கதரிசிகள் ஜன்னல்களுக்கு ஏறத்தாழ 900 வயது. பாரிஸின் சான்ட் ஷாப்பேல் 1248-ல் அர்ப்பணிக்கப்பட்டது. சுவரே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் கண்ணாடி. மேகமூட்டமான வானத்திலிருந்து கிடைக்கிற மென்மையான வெளிச்சம் அங்கே சீராகப் பரவி வரும். அந்த ஊர்ப் புத்தகங்களைப் பார்த்து வெளிர்நிறம் தேர்ந்தெடுத்து, நம் மேற்குச் சுவரில் பொருத்தினால், மாலை நான்கு மணிக்குக் கண் கூசும். நிறம் எதுவும் தெரியாது, வெள்ளையாக அடிக்கும்.

தமிழ்நாட்டுக் கணக்கு வேறு. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் தாழ்வாக, நேராக நுழையும். மஞ்சளும் ஆரஞ்சும் தரையில் விழுந்து ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடும். மேற்கில் வெயில் முரட்டு வெயில். அடர்ந்த நீலம், பச்சை, கருஞ்சிவப்புதான் அதைத் தாங்கும். தெற்கு ஜன்னலுக்கு ஐப்பசி முதல் மாசி வரைதான் நல்ல வெயில். சித்திரை கடந்தபின் சூரியன் சென்னைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், ஆண்டு முழுக்க வெயில் படாது என்று நாம் நினைக்கிற வடக்கு ஜன்னலில் ஆனி மாதம் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் வடக்கு வெளிச்சம் அலுங்காமல் குலுங்காமல் ஒரே மாதிரி இருக்கும். நுணுக்கமான படம் வேண்டுமென்றால் அங்கே வையுங்கள். ஜன்னலுக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடி சன்ஷேட் இருந்தால் உச்சி வெயில் பெரும்பாலும் கண்ணாடியைத் தொடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறங்களுக்குள்ளும் ஒரு குணம் இருக்கிறது. வெயில் பின்னால் இருக்கும்போது நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவும்; பக்கத்தில் இருக்கும் சிவப்பு சுருங்கியதுபோல் தெரியும். ஐரோப்பியக் கைவினைஞர்கள் இதைத் தெரிந்துதான் நீலத் துண்டுகளின் மேல் கறுப்புக் கோடுகளை நிறைய இழைத்து அதை அடக்கினார்கள். மேஜையில் பரப்பிப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். வண்ணக் கண்ணாடியைக் கையில் பிடித்து வானத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். அதுவும் உங்கள் ஜன்னலில், உங்கள் வானத்துக்கு எதிரே.

பூஜை அறைக் கதவு

தமிழ்நாட்டில் வண்ணக் கண்ணாடிக்கு ஆர்டர் வருவது பெரும்பாலும் இந்த ஒரு கதவுக்குத்தான் என்று சொல்லிவிடலாம். விசித்திரம் என்னவென்றால், இந்தக் கலைக்குப் பொருந்தாத இடமும் அதுதான். பூஜை அறை பெரும்பாலும் வீட்டுக்கு நடுவே இருக்கும். கதவுக்கு இரண்டு பக்கமும் வெயில் கிடையாது. ஒளி ஊடுருவும் சாதாரண வண்ணக் கண்ணாடியை அங்கே வைத்தால், உள்ளே விளக்கு எரியாதபோது அது கறுத்துக் கிடக்கும். எல்.இ.டி. பல்பு போட்டாலோ படம் தெரியாமல் பல்புதான் புள்ளியாகத் தெரியும்.

இதற்கு மருந்து ஓபல் கண்ணாடி. பால் கலந்ததுபோல் இருக்கும். வெளிச்சத்தைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னால் ஒளி இல்லாவிட்டாலும் முன்னால் படுகிற வெளிச்சத்திலேயே நிறம் காட்டும். அமெரிக்க ஓவியர் ஜான் லா ஃபார்ஜ் 1880-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில் லூயி கம்ஃபர்ட் டிஃபனியும் இதில் இறங்கி, விளக்குக் கூடுகளால் பெயர் வாங்கிவிட்டார். (அந்தப் புகழ்பெற்ற விளக்குகள் பலவற்றை வடிவமைத்தவர் டிஃபனி அல்ல, அவரிடம் வேலை பார்த்த கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்மணியும் அவருடைய குழுவிலிருந்த பெண்களும். கிளாரா தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் வெளிப்பட்டபின், 2007-ல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சி வழியாகத்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது.) ஆக, கதவுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது "ஓபல் ஷீட்டா?" என்று. அடுத்து, உள்ளே பல்பு நேராகக் கண்ணாடியைப் பார்க்காமல், சுவரில் பட்டுத் திரும்பும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவைக்க வேண்டும்.

கதவு என்பதால் இன்னொன்றும் உண்டு. ஓங்கிச் சாத்துவோம், குழந்தை ஓடிவந்து மோதும். கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்த பலகை மட்டும் அங்கே நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் டஃபன்டு கண்ணாடி வைத்து நடுவில் பலகையைச் சொருகுவதே பாதுகாப்பு. ஈயத்தைக் குழந்தைகள் தொடாமல் இருக்கவும் அது உதவும். கதவின் கனம் கூடும். கீலும் நிலையும் அந்தக் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது ஆசாரிக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தும்பிக்கை ஏன் உடைகிறது

பட்டறையில் வேலை நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் ஆர்டர் கொடுப்பது சுலபம். முதலில் முழு அளவுக்குக் காகிதத்தில் படம் வரைவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, இரட்டை அலகு கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். அந்தக் கத்தரி இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய இழை ஒன்றை எடுத்து எறிந்துவிடும். ஈயத்தின் நடுத்தண்டு உட்காரும் இடம் அது. பிறகு கண்ணாடியைக் கீறி, தட்டி, ஒடித்து, ஓரத்தைக் குறடால் கொறித்துச் சரிசெய்து, இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஈயப்பட்டையில் ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். சந்திகளில் பற்றாசு வைப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. கடைசியில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கலந்த மக்கை ஈயத்தின் இடுக்கெல்லாம் திணிப்பார்கள். இந்தக் கடைசி வேலை பார்க்க அழுக்காக இருக்கும், யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராததும், காற்றடித்தால் பலகை கடகடக்காததும் இந்த மக்கினால்தான். அவசரக்காரப் பட்டறைகள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சின்னத் துண்டுகளும் வளைவுகளும் நிறைய இருந்தால் ஈயப்பட்டைக்குப் பதிலாகத் துண்டின் விளிம்பில் பிசினுள்ள செம்பு நாடாவை ஒட்டி, அதன்மேல் முழு நீளத்துக்கும் பற்றாசு ஓட்டுவார்கள். விளக்குக் கூடு, கொடி, பூ இதற்கெல்லாம் இந்த முறை சரி. ஜன்னல் பலகைக்கு ஈயப்பட்டை.

இனி தும்பிக்கைக்கு, அதாவது பிள்ளையார் படத்துக்கு வருவோம். கண்ணாடி வெளிப்பக்கமாக வளைந்து வெட்டும். உள்பக்கமாக ஆழமாக வளைந்தால் விரிசல் விடும். தும்பிக்கை சுருண்டு திரும்பும் இடம் அப்படிப்பட்ட உள்வளைவு. காலண்டர் படத்தை அப்படியே கண்ணாடியில் வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு வேலை தெரியாது, அல்லது அவர் வேறு எதையோ செய்து தரப்போகிறார். அனுபவசாலி அந்த வளைவில் ஒரு ஈயக்கோட்டைக் கூடுதலாக இழுத்து, அதுவும் படத்தின் பகுதிபோல் தெரியச் செய்வார். இந்தக் கலையில் கோடுகள்தான் உயிர். கம்பிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வரும் இழைதான் கோலம், உள்ளே விழும் வெற்றிடம் அல்ல. ஈயக்கோட்டுக்கும் அதே மரியாதை கொடுத்துப் படம் வரைந்தவரே நல்ல வடிவமைப்பாளர்.

முகம்தான் உண்மையான சோதனை. கண், புருவம், இதழ் எல்லாவற்றையும் ஈயத்தால் காட்ட முடியாது. உலோக ஆக்சைடும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த வண்ணத்தால் வரைந்து, சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அப்போது கோடு கண்ணாடியோடு ஒன்றிவிடும், நூற்றாண்டுகள் இருக்கும். வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் நிறமற்ற கண்ணாடியில் எலுமிச்சை முதல் தேன்நிறம் வரை மஞ்சள் இறங்கும். ஐரோப்பாவில் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பழகிவிட்டார்கள். சூளை இல்லாத பட்டறை சாதாரண எனாமலால் வரைந்து கொடுக்கும். நாளாக நாளாக அது உதிரும். முதலில் உதிர்வது கண்ணாகத்தான் இருக்கும். சுவாமி படம் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், சூளை உள்ள இடமாகத் தேடுங்கள். என்னைக் கேட்டால் தாமரையோ, வேல் மட்டுமோ, வெறும் வடிவக் கோலமோ போதும். ரைட்டின் ஜன்னல்களில் ஒரு முகம்கூட இல்லை. 1912-ல் இல்லினாய்ஸில் கூன்லி குடும்பத்தின் சிறுவர் பள்ளிக்கு அவர் செய்தவற்றில் ஊர்வலத்தில் பறக்கும் பலூனும் கொடியும்தான். வட்டம், சதுரம், கோடு. அவை இன்று அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன.

விலை எங்கே ஏறுகிறது

சதுர அடிக்கு எவ்வளவு என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. அது அரைக் கேள்வி. ஆறு சதுர அடியில் இருபது துண்டு உள்ள பலகையைவிட, இரண்டு சதுர அடியில் நூறு துண்டு உள்ள பலகைக்கு அதிக நாள் பிடிக்கும். ஒவ்வொரு துண்டும் வெட்டு, கொறிப்பு, சந்தி, பற்றாசு. ஆகவே எத்தனை துண்டு என்று கேளுங்கள். பட்ஜெட் இடித்தால் பலகையைச் சின்னதாக்காமல் துண்டுகளைக் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் படம் அழகாகவே ஆகும்.

நிறத்திலும் விலை உண்டு. இந்த நிறங்கள் மேலே பூசியவை அல்ல. கண்ணாடி உருகும்போதே கலந்த உலோகங்கள். கோபால்ட் நீலம் தரும், இரும்பும் குரோமியமும் பச்சை, மாங்கனீசு ஊதா. நல்ல ரோஜா நிறத்துக்குத் தங்கம் சேர்க்கிறார்கள். தாமரை வேண்டும் என்றால் ஷீட்டின் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், காரணம் அதுதான். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியமும் செலீனியமும் இருக்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வனத்துறை ஆய்வாளர்கள் மரங்களில் படர்ந்த பாசியைச் சோதித்ததன் தொடர்ச்சியாக, வண்ணக் கண்ணாடி ஆலைகளின் அருகே காட்மியமும் ஆர்செனிக்கும் காற்றில் கலந்திருப்பது 2016-ல் வெளியே தெரியவந்தது. புகையை வடிகட்டும் ஏற்பாடு வரும்வரை சில நிறங்களின் உற்பத்தி நின்றது. உலகம் முழுக்கப் பட்டறைகளுக்குத் தட்டுப்பாடு. ஆகவே உங்கள் பலகைக்கு வாங்கிய ஷீட்டில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மிச்சத் துண்டைக் கேட்டு வாங்கி, பழந்துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்துப் பந்து பட்டு உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

மலிவு விலையில் வருவது பெரும்பாலும் வேறு சரக்கு. ஒரே கண்ணாடியில் நிற ஃபிலிம் ஒட்டி, அதன்மேல் ஒட்டுப்பட்டை ஈயத்தைப் பதித்திருப்பார்கள். அல்லது கண்ணாடியில் டிஜிட்டல் பிரின்ட். அதில் தப்பில்லை, அதற்குரிய விலைக்கு வாங்கினால். கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை: கோட்டுக்கு இரண்டு பக்கமும் விரலால் தடவுங்கள். உண்மையான பலகையில் கண்ணாடி துண்டு துண்டாக ஏறி இறங்கும், கோடு இரண்டு முகத்திலும் இருக்கும். ஃபிலிம் நம் வெயிலில் வெளுக்கும்; கண்ணாடி உருகும்போதே கலந்த நிறம் வெளுக்காது.

செட்டிநாட்டு வழி

இத்தனை செலவு எதற்கு என்று தோன்றினால், காரைக்குடிப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். நகரத்தார் வீடுகளில் பர்மா தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் வந்ததுபோல ஐரோப்பிய வண்ணக் கண்ணாடியும் வந்தது. ஜன்னல், கதவுகளுக்கு மேலே அரைவட்டமாக மரச்சட்டம் கடைந்து, அதில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒற்றை நிறத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பல இடங்களில் ஈயமே கிடையாது. படமும் கிடையாது. நிறம் கண்மட்டத்துக்கு மேலே. கீழே திறந்து மூடும் கதவு. வெளிச்சமும் காற்றும் தடைபடவில்லை, சுவரில் நிறமும் விழுகிறது. இஸபெல் மார்ட்டினின் புகார் இங்கே எழ வழியில்லை.

வெயில் காயும் வேறு நாட்டிலும் ஏறத்தாழ இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஈரானில் வீடுகளின் மேலேறும் ஜன்னல்களில் மரப் பின்னலுக்கு நடுவே வண்ணக் கண்ணாடி வைப்பார்கள். ஷிராஸ் நகரின் நசீர் அல்முல்க் மசூதி 1888-ல் கட்டி முடிந்தது, காலை வெயிலில் அதன் தரைவிரிப்புகள் நிறம் மாறுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கும் மரம்தான் கோடு.

இந்த மரச்சட்ட வேலையை நல்ல ஆசாரி ஒருவர் செய்துவிடுவார். மாடிப்படி ஜன்னல், வாசல் கதவுக்கு மேல் வெளிச்சத் திறப்பு, குளியலறை வென்டிலேட்டர் இவை மூன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பழைய கண்ணாடியே வேண்டும் என்பவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். இடித்த வீடுகளின் கதவும் சட்டமும் அங்கே வருகின்றன. அந்த வீடுகள் இடிபடாமல் இருந்திருக்கலாமே என்ற வருத்தத்தோடுதான் வாங்க வேண்டியிருக்கும்.

ஈயக் கோப்பில் பெரிய அளவு வேலையை நேரில் பார்க்கச் சென்னைவாசிகள் தூரம் போக வேண்டாம். சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஸம் கட்டி 1879-ல் முடித்த பல்கலைக்கழக செனட் ஹவுஸ், சாந்தோம் பேராலயம் இரண்டும் போதும். உள்ளே நின்று பார்த்தபின் வெளியே வந்தும் பாருங்கள். பகலில் வெளியிலிருந்து எல்லாம் கறுப்பாகத் தெரியும். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெருவில் இருப்பவர்களுக்கு நிறம் தெரிவது ராத்திரி, உள்ளே விளக்கெரியும்போது மட்டும்.

அளவும் பொருத்தலும்

மேஸ்திரி சொன்ன அளவை நம்பி வேலை தொடங்கக் கூடாது. நிலை வைத்து, பூச்சு முடிந்து, மரம் பாலிஷ் ஆனபின் பட்டறைக்காரரே வந்து எடுக்க வேண்டும். அகலம் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில், உயரமும் அப்படியே, பிறகு இரண்டு மூலைவிட்டமும். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இல்லாவிட்டால் நிலை கோணல். பலகையைச் சட்டத்துக்குச் சரியாக முட்டும்படி செய்வதும் தப்பு. மழைக்காலத்தில் மரம் ஊதும். பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டு, மர பீடிங் அடித்துப் பிடிக்க வேண்டும், நிரந்தரமாக ஒட்டிவிடக் கூடாது. நாளை கழற்றிப் பழுதுபார்க்க வழி வேண்டுமே.

இரண்டு, மூன்று அடியைத் தாண்டும் பலகைக்குப் பின்னால் குறுக்குக் கம்பி கேளுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே நேர்கோடாக ஈயம் ஓடினால் அந்த இடத்தில் பலகை கீல்போல மடங்கும். பட்டறையிலிருந்து வரும்போது நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும், படுக்கவைத்தால் தன் கனத்திலேயே தொய்ந்துவிடும். வெனிகர், அமோனியா கலந்த திரவம் எதையும் தெளிக்காதீர்கள், ஈரத்துணி போதும். ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படிந்தால் அது நச்சு, கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது. மற்றபடி, ஒழுங்காகச் செய்த பலகையின் ஈயம் ஏறத்தாழ நூறு ஆண்டு உழைக்கும். அதன்பின் கண்ணாடியைப் பிரித்துப் புது ஈயத்தில் கோத்தால் மறுபடியும் அவ்வளவு காலம்.

படம் ஒப்புதல், எந்தெந்த ஷீட், எத்தனை துண்டு, சூளை வேலை உண்டா, மக்குத் திணிப்பது உண்டா, பொருத்தும்போது உடைந்தால் யார் பொறுப்பு — இத்தனையும் ஒரு காகிதத்தில் இருக்கட்டும். அதற்கும் முன்னால் ஒன்று. அந்தப் பட்டறை செய்து ஐந்து வருஷமாவது ஆன ஒரு வேலை யார் வீட்டிலாவது இருக்கும். அதை வெயிலடிக்கும் மாலை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணம் கொடுங்கள்.